ரைசன் 5 5600: குறைந்த காசில் ஓவர்க்ளொக், அதுவும் திருகோணமலை வெயிலில்

குறைந்த காசில் ஓவர்க்ளொக் செய்ய, அதாவது கம்பனி வைத்த வேகத்தை விடக் கூட ஓட்ட, எந்த ப்ரொசெசர் வாங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது ஏஎம்டி ரைசன் 5 5600. இதைவிட வேகமானவை எத்தனையோ வந்துவிட்டன. ஆனால் கையில் இருக்கும் காசு, நம் ஊர் வெக்கை, செய்ய வேண்டிய வேலை மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் இதற்குப் பக்கத்தில் நிற்க வேறொன்று எனக்குத் தெரியவில்லை. ஏன் என்பதை விரிவாகவே எழுதுகிறேன். ப்ரொசெசர் விமர்சனம் என்று இணையத்தில் கிடைப்பதெல்லாம் ஏசி போட்ட அறைகளில் இருந்து எழுதப்பட்டவை. திருகோணமலைக் கடற்கரையில் இருக்கும் திருக்கடலூரில் சீற் கூரைக்குக் கீழே இருந்து கொம்பியூட்டர் ஓட்டுகிறவர்களுக்கு அந்தக் கணக்குப் பாதிதான் பொருந்தும்.

எங்களுடைய வேலை வீடியோ. கலியாணம், சாமத்திய வீடு, கோவில் திருவிழா எல்லாம் என் வீட்டுக்காரர் எடுத்து வருவார், வெட்டி ஒட்டி முடித்துக் கொடுப்பது நான். சிவராத்திரிக்குப் பிறகு கோணேசர் நகர்வலம் வரும் நாட்களில் மேசையை விட்டு எழும்பவே முடியாது. வெட்டி முடித்த படத்தைக் கடைசியாக ஹேண்ட்பிரேக் மென்பொருளில் போட்டு எக்ஸ்264 முறையில் சுருக்கித்தான் பென் டிரைவில் கொடுப்பேன். விஜிஏ கார்டை, அதாவது கிராபிக்ஸ் கார்டைக் கொண்டு சுருக்கினால் வேலை இன்னும் வேகமாக முடியும், அது எனக்கும் தெரியும். ஆனால் ஒரே அளவு ஃபைலுக்கு அது தரும் படம் எனக்குத் திருப்தியில்லை. மணவறையில் எழும்பும் கற்பூரப் புகை, ஆலாத்தித் தட்டின் சுடர், பொம்பிளையின் கூறைச் சேலையில் மினுங்கும் சரிகை இந்த மூன்றும்தான் முதலில் கட்டம் கட்டமாக உடையும். ப்ரொசெசரில் ஆறுதலாக ஓடவிட்டால் புகை புகையாகவே நிற்கும். கனடாவில் இருக்கும் சொந்தக்காரர் பெரிய டிவியில் போட்டுப் பார்க்கப் போகும் படம் அது. அதனால்தான் எனக்கு ப்ரொசெசரின் ஒவ்வொரு மெகாஹேர்ட்ஸும் காசு.

சரி, ஓவர்க்ளொக் என்று இறங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது "எது வேகமானது" என்றல்ல, "எது பூட்டாமல் வருகிறது" என்று. இன்டெலில் பெயருக்குப் பின்னால் கே என்ற எழுத்து இருக்கும் ப்ரொசெசர்களில்தான் வேகத்தை நிர்ணயிக்கும் பெருக்கியைக் கூட்டலாம். அதுவும் இசட் வரிசை மதர்போர்ட் இருந்தால் மட்டும். 2022 ஜனவரியில் வந்த ஐ3-12100எஃப் விலைக்கு நல்ல சாமான்தான். 4 கோர் (சிப்புக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி), 8 திரெட் (ஒரே நேரத்தில் ஓட்டும் வேலை வரிசை), கேம் விளையாட மட்டும் போதும் என்பவருக்கு நானே வாங்கச் சொல்வேன். ஆனால் அது பூட்டிய ப்ரொசெசர். அதன் அண்ணன் ஐ5-12400எஃப்பும் அப்படியே. பூட்டாத ஐ5-12600கே வாங்கப் போனால் அதற்கு இசட் போர்ட் வேண்டும், பெட்டிக்குள் கூலரும் வராது, தனியாக வாங்க வேண்டும். அதற்குப் பிறகு அது மலிவு ப்ரொசெசர் இல்லை.

ஒரு காலத்தில் இன்டெலே மலிவு விலையில் இந்த ஆசையைத் தீர்த்து வைத்தது. 1998இல் வந்த செலரொன் 300ஏயின் பஸ் வேகத்தை (மதர்போர்டோடு பேசும் அடிப்படை வேகம்) 66இல் இருந்து 100 மெகாஹேர்ட்ஸுக்கு மாற்றினால் 300 மெகாஹேர்ட்ஸ் சிப் 450இல் ஓடியது. 2014இல் பென்டியம் பெயருக்கு 20 ஆண்டு ஆனதைக் கொண்டாட ஜி3258 என்று ஒன்று விட்டார்கள். 2 கோர், 3.2 கிகாஹேர்ட்ஸ், 72 டொலர், பூட்டில்லை. 4 கிகாஹேர்ட்ஸைத் தாண்டி இழுக்கலாம். அந்த வரிசையில் இப்போது இன்டெலிடம் மலிவாக எதுவும் இல்லை. பழைய அலுவலகக் கொம்பியூட்டர்களோடு வரும் இரண்டாவது கை ஐ5-2500கே கிடைத்தால் வாங்கலாமா என்று இன்னும் கேட்கிறார்கள். 2011இன் அருமையான சிப் அது, மறுக்கவில்லை. ஆனால் 4 திரெட்டை வைத்துக்கொண்டு இன்றைய வேலை செய்ய முடியாது, விண்டோஸ் 11க்கான ஆதரவுப் பட்டியலிலும் அது இல்லை. அந்தக் காசை மிச்சம் பிடித்து வையுங்கள்.

ஏஎம்டியில் கதை வேறு. ஏஎம்4 சொக்கெட்டுக்கு (மதர்போர்டில் ப்ரொசெசர் உட்காரும் இடம்) வந்த சாதாரண ரைசன் ப்ரொசெசர்களில் பெருக்கி திறந்தே இருக்கும். எக்ஸ்3டி என்று முடிபவை மட்டும் விலக்கு. ஆனால் இங்கேயும் ஒரு பூட்டு உண்டு, அது மதர்போர்டில் இருக்கிறது. பி450, பி550, எக்ஸ்570 போர்டுகளில் ஓவர்க்ளொக் செய்யலாம். ஏ320, ஏ520 போர்டுகளில் ப்ரொசெசரை ஓவர்க்ளொக் செய்ய ஏஎம்டி இடம் கொடுக்கவில்லை.

இந்த ஒரு விஷயத்தில் என் அண்ணன் மகனை ஒரு கடையில் ஏமாற்றிவிட்டார்கள். கேம் விளையாடச் சேர்த்து வைத்த காசோடு போனவனிடம் 5600ஐயும் ஏ520 போர்டையும் கட்டிக் கொடுத்து, "இதிலயும் எல்லாம் செய்யலாம் தம்பி" என்று அனுப்பியிருக்கிறார்கள். அவன் கேசிங்கையும் தூக்கிக்கொண்டு பாலையூற்றிலிருந்து ஆட்டோவில் என்னிடம் வந்தான். "மாமி, பயோசுக்குள்ள எல்லா இடமும் தேடிட்டன், அந்த மெனுவே இல்ல" என்றான். ஏ520 போர்டின் பயோசில், அதாவது கொம்பியூட்டர் எழும்பும்போது திறக்கும் அமைப்புத் திரையில், அது இருக்காதுதான். போர்டை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டதற்கு, பெட்டி உடைத்தாயிற்று என்று மறுத்துவிட்டார்கள். ஏ520இல் ரேமை அதன் பெட்டியில் எழுதிய வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பியைப் போட முடியும் என்பதால் அதையாவது செய்து கொடுத்தேன். அவனுக்கு ஓரளவு ஆறுதல். நீங்கள் ரசீது எழுத முதல் போர்டின் பெட்டியில் பி என்ற எழுத்தை உங்கள் கண்ணால் பாருங்கள். அந்த வித்தியாசம் பெரிய காசும் இல்லை.

இனி, ஏஎம்டி வரிசைக்குள் ஏன் 5600 என்பது. 2022 ஏப்ரலில் வெளிவந்தது. 6 கோர், 12 திரெட், அடிப்படை வேகம் 3.5, தேவைப்படும்போது தானாக ஏறும் பூஸ்ட் வேகம் 4.4 கிகாஹேர்ட்ஸ், 32 எம்பி எல்3 கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகம்), 65 வாட். வந்தபோது 199 டொலர். அதற்கு முன் 2020 நவம்பரில் வந்த 5600எக்ஸ் 299 டொலர். இரண்டும் உள்ளே ஒரே சிப்தான், 5600எக்ஸின் பூஸ்ட் 4.6 வரை போகும் என்பதுதான் முக்கிய வித்தியாசம். அந்த 200 மெகாஹேர்ட்ஸை ஓவர்க்ளொக் செய்து நாமே எடுத்துக்கொள்ளலாம் என்றால் எக்ஸுக்குக் கூடக் காசு கொடுப்பது வீண். நம் நாட்டில் 5600 வந்த நேரம் ரூபாய் விழுந்த நேரம். மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாயை ஒட்டி இருந்தது, மே மாதம் 360ஐத் தொட்டது. அப்போது யாரும் இதை மலிவு என்று சொல்லியிருக்க மாட்டார்கள். பிறகு விலை இறங்க இறங்கத்தான் எங்களைப் போன்றவர்களின் கைக்கு எட்டியது. ரூபாய்க் கணக்கு இங்கே எழுதவில்லை, நீங்கள் வாசிக்கும் நேரம் அது மாறியிருக்கும். கொழும்பு யூனிட்டி பிளாசா கடைகளுக்கு ஒரு கோல் போட்டு அன்றைய விலையைக் கேட்டுவிட்டு, திருகோணமலைக் கடையில் பேசுங்கள். கூரியர் செலவையும் பழுதென்றால் திருப்பி அனுப்பும் அலைச்சலையும் சேர்த்தால் ஊர்க்கடை பல நேரம் நட்டமில்லை.

5500 என்று இன்னும் மலிவாக ஒன்று இருக்கிறது. பெயரில் நூறுதான் குறைவு என்று நினைக்க வேண்டாம். கேஷ் பாதி, 16 எம்பி. விஜிஏ கார்டை இணைக்கும் பிசிஐஇயும் பழைய 3.0 மட்டும். அதை எவ்வளவு இழுத்தாலும் இல்லாத கேஷ் வராது, கேம்களில் அந்தக் குறை நன்றாகத் தெரியும். 2019இன் 3600 இரண்டாவது கையில் நல்ல விலைக்குக் கிடைத்தால் வாங்கலாம், ஆனால் அதில் ஓவர்க்ளொக்குக்கு மிச்சம் இருக்கும் இடம் குறைவு. இதை விடவும் முக்கியமாக, நான் கீழே சொல்லப் போகும் கேர்வ் ஒப்டிமைசர் அதில் இல்லை.

அதுதான் இந்த விமர்சனத்தில் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். ஓவர்க்ளொக் என்றால் வோல்ட்டைக் கூட்டி வேகத்தைக் கூட்டுவது என்றுதான் எல்லோரும் படித்திருக்கிறோம். குளிர் நாட்டில் அது சரி. நம் ஊரில் வோல்ட்டைக் குறைத்துத்தான் வேகத்தைக் கூட்ட வேண்டும்.

காரணம் எளிது. சிப் உண்டாக்கும் வெப்பம் வேகத்தோடு நேராகவும் வோல்ட்டின் வர்க்கத்தோடும் கூடும். 1.2 வோல்ட்டை 1.3 ஆக்கினால் வேகத்தைத் தொடாமலேயே வெப்பம் 17 சதவீதம் ஏறிவிடும். காற்றுக் கூலர் எதுவானாலும் அறையின் வெக்கைக்குக் கீழே சிப்பைக் கொண்டுபோக முடியாது. ஏசி அறையில் இருந்து எழுதும் அந்த விமர்சகர்களின் அறை 22 பாகை. கச்சான் காற்று வீசும் ஜூன், ஜூலையில் மத்தியானம் என் அறை 34 பாகை. அவர்கள் 75 என்று எழுதினால் அது எனக்கு 87. ரைசன் 5600க்கு ஏஎம்டி வைத்திருக்கும் உச்ச வரம்பு 90 பாகை. அதைத் தொட்டதும் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதாவது வோல்ட்டைக் கூட்டி 4.7க்கு வைத்த ப்ரொசெசர், மத்தியானம் இரண்டு மணிக்குத் தொடாத ப்ரொசெசரை விட மெதுவாக ஓடலாம்.

வோல்ட் கூடினால் சிப்பின் ஆயுளும் தேயும். 2024இல் இன்டெலின் 13ஆம், 14ஆம் தலைமுறை டெஸ்க்டொப் ப்ரொசெசர்களில் பல தானாகவே நிலைகுலைந்தபோது, அளவுக்கு மீறிய வோல்ட்தான் காரணம் என்று அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டு, உத்தரவாதத்தை 2 ஆண்டு நீட்டியது. அவை தொழிற்சாலையில் வைத்த அளவில் ஓடியவை. நாம் கையால் ஏற்றும்போது எத்தனை கவனம் வேண்டும் என்று பாருங்கள்.

ரைசன் 5000 வரிசையோடு ஏஎம்டி கொடுத்த கேர்வ் ஒப்டிமைசர் இதற்கென்றே செய்தது போல இருக்கிறது. தொழிற்சாலையில் ஒவ்வொரு வேகத்துக்கும் இவ்வளவு வோல்ட் என்று ஒரு கோடு வரைந்து வைத்திருப்பார்கள். எல்லா சிப்பும் ஒழுங்காக ஓட வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் தாராளமாகவே வரைவார்கள். உங்கள் சிப்புக்கு அவ்வளவு தேவைப்படாது. அந்தக் கோட்டை ஒவ்வொரு கோருக்கும் தனித்தனியாக 30 படி வரை கீழே இறக்கலாம். ஒரு படி என்பது சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட். வோல்ட் இறங்கியதும் வெப்பம் இறங்கும், வெப்பம் இறங்கியதும் அந்த இடைவெளிக்குள் சிப் தானாகவே வேகம் ஏறும். அதோடு பூஸ்ட் வரம்பை 200 மெகாஹேர்ட்ஸ் வரை கூட்டும் வசதியும் பயோசில் பிபிஓ என்ற, பூஸ்ட் வரம்புகளை மாற்றும் மெனுவிலேயே உண்டு.

என் சிப்பில் நான் போன வழி இது. முதலில் எல்லாக் கோருக்கும் கழித்தல் 10. பிறகு 15, 20 என்று இறக்கி, ஒவ்வொரு படியிலும் கோர்சைக்ளர் ஓடவிட்டேன். அது ஒரு நேரத்தில் ஒரு கோரை மட்டும் பிடித்து வாட்டும் சிறிய இலவச மென்பொருள், இந்த வேலைக்கு அதைப் போல் உதவுவது வேறில்லை. ஏஎம்டியின் ரைசன் மாஸ்டர் மென்பொருளில் நட்சத்திரம் போட்டுக் காட்டும் நல்ல கோர்கள்தான் குறைவாக இறங்கும். அவற்றின் கோட்டில் ஏற்கெனவே கழிவு குறைவு, அதுதான் காரணம். இப்போது என்னுடையதில் அந்த இரண்டும் கழித்தல் 12இல், மற்றவை கழித்தல் 25இல் நிற்கின்றன. உங்கள் சிப்பில் இது வேறாக இருக்கும், என் எண்களைப் பார்த்து எழுதிப் போட வேண்டாம்.

இதில் ஒரு நுணுக்கம். கேர்வை அதிகமாக இறக்கினால் கொம்பியூட்டர் பாரமான வேலையில் விழாது, சும்மா இருக்கும்போது விழும். இரவு முழுக்க சினிபெஞ்ச் என்ற வேகச் சோதனை ஓடித் தாக்குப் பிடித்த மெஷின், காலையில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும்போது சட்டென்று ரீஸ்டார்ட் ஆகும். பலர் இதைக் கரண்ட் பிரச்சினை என்று நினைத்து யுபிஎஸ்ஸை மாற்றுகிறார்கள். விண்டோஸில் ஈவென்ட் வியூவரைத் திறந்து டபிள்யூஹெச்இஏ என்ற பெயரில் பிழை பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தக் கோரை இரண்டு மூன்று படி மேலே ஏற்றிவிடுங்கள், அவ்வளவுதான்.

டெஸ்ட் செய்யும் நேரமும் முக்கியம். இரவில், கடற்காற்று வரும்போது, அறை 28 பாகையில் இருக்கும்போது தேறியதெல்லாம் தேர்ச்சி இல்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு ஓடவிடுங்கள். ஜன்னல் எப்போதும் போல, மேசை ஃபேன் எப்போதும் போல. கேசிங்கின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்து டெஸ்ட் செய்வதில் பயனில்லை, நீங்கள் அப்படி வைத்து வேலை செய்யப் போவதில்லையே. கடற்கரைப் பக்கம் வீடிருப்பவர்கள் தகட்டைக் கழற்றவே கூடாது. அதைக் கீழே சொல்கிறேன்.

முடிவு என்ன என்று கேட்பீர்கள். வாங்கியபடியே ஓட்டினால் சினிபெஞ்ச் ஆர்23இல் 11,000க்குக் கொஞ்சம் மேலே வரும். கேர்வையும் பிபிஓவையும் சரிசெய்த பிறகு 11,800ஐ ஒட்டி நிற்கிறது. தனிக் கோர் வேகம் 4.4இல் இருந்து 4.65க்குப் போகிறது. ஏழு சதவீதம். எண்ணாகப் பார்த்தால் சின்னது, ஒளிக்கவில்லை. ஆனால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் எடுக்கும் கலியாணப் படம் நாலைந்து நிமிடம் முன்பே முடிகிறது. பெட்டியில் வந்த கூலரோடு மத்தியானம் ஓடிய நிலையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் இன்னும் கூட, அந்த நேரம் சிப் 90ஐத் தொட்டு வேகம் இறங்கிக்கொண்டிருந்தது. இப்போது அதே வெக்கையில் 80ஐ ஒட்டியே நிற்கிறது.

அந்தப் பெட்டிக் கூலரைப் பற்றி. பெயர் ரெய்த் ஸ்டெல்த். சிறிய அலுமினியக் கட்டி, மேலே ஒரு ஃபேன். ஓவர்க்ளொக் செய்யாதவருக்கு அது போதும், செய்கிறவருக்குப் போதவே போதாது. டீப்கூல் ஏகே400, தேர்மல்ரைட் அசாசின் எக்ஸ் 120 போல நான்கு செப்புக் குழாய் உள்ள ஒற்றைக் கோபுரக் கூலர் ஒன்றுக்கு முதலிலேயே காசு ஒதுக்குங்கள். தண்ணீர்க் கூலர் இந்தச் சிப்புக்குத் தேவையில்லை. ப்ரொசெசர் ஒரு விலை, போர்ட் ஒரு விலை, கூலர் ஒரு விலை என்று தனித்தனியாகப் பார்ப்பதை விட்டு மூன்றையும் ஒரே காசாகப் பாருங்கள். 5600எக்ஸுக்கு மேலதிகமாகக் கொடுக்கவிருந்த காசில் இந்தக் கூலர் வந்துவிடும், 5600எக்ஸை விட வேகமும் வந்துவிடும்.

கூலரை மாற்றும்போது மிகக் கவனமாக இருக்க வேண்டிய ஒரு கட்டம் உண்டு. ஏஎம்4 ப்ரொசெசரின் அடியில் 1,331 ஊசிகள். சொக்கெட்டின் நெம்பு அவற்றை மெல்லவே பிடித்திருக்கும். தேர்மல் பேஸ்ட் காய்ந்து இறுகிய கூலரை நேராக மேலே இழுத்தால், நெம்பு பூட்டியிருக்கும்போதே ப்ரொசெசர் கூலரின் அடியில் ஒட்டிக்கொண்டு வெளியே வந்துவிடும். ஊசி வளைவது அப்படித்தான். முதலில் ஒரு பத்து நிமிடம் சினிபெஞ்ச் ஓடவிட்டு பேஸ்ட்டை இளக்குங்கள். கொம்பியூட்டரை நிறுத்தி பிளக்கைக் கழற்றுங்கள். நான்கு திருகையும் மூலைக்கு மூலை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். பிறகு கூலரை இடமும் வலமும் மெதுவாகத் திருப்புங்கள். ஈரமான சவர்க்காரம் தரையில் வழுக்குவது போல ஒரு கணத்தில் அது தளர்ந்து நகரும், கையில் தெரியும். அதற்குப் பிறகுதான் தூக்க வேண்டும். ஸ்டெல்த் திருகிப் பூட்டும் வகை என்பதால் அதைக் கழற்றியதும் மதர்போர்டின் பின்தகடு விழப் பார்க்கும், ஒரு கையால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். புதிதாக வாங்கும்போதும் காசு கொடுக்க முதல் கைபேசி வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்து ஊசி வரிசைகளைப் பாருங்கள். எல்லாம் ஒரே நேர்கோட்டில் மினுங்க வேண்டும். ஒன்று சாய்ந்திருந்தாலும் வெளிச்சத்தில் தப்பாது.

இனி உப்புக்காற்று. திருக்கடலூரிலும் உப்புவெளியிலும் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, சைக்கிள் செயின் எவ்வளவு நாள் தாங்கும் என்று தெரியும். கூலரின் தகடுகளுக்கு நடுவே படியும் தூசி இங்கே காய்ந்த தூசியாக இருக்காது, உப்பு ஈரத்தில் பிசுபிசுத்துப் பசை போல ஒட்டிக்கொள்ளும். ஊதினால் போகாது. மென்மையான பெயின்ட் பிரஷால் தகடு தகடாக வாரி எடுக்க வேண்டும். அலுமினியத்தின் ஓரங்களில் வெள்ளையாகப் பூக்கும் பூச்சு உப்பின் வேலை. அதனால்தான் திறந்த கேசிங் கூடாது என்றேன். காற்று உள்ளே வரும் பக்கம் ஒரு வலை வடிகட்டி இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. சுத்தம் செய்யாமல் விட்ட கூலரில் நீங்கள் கேர்வில் மிச்சம் பிடித்த பாகைகள் எல்லாம் திரும்பப் போய்விடும்.

ரேமைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். பல கடைகளில் 3200 ரேம் போட்டுக் கொடுப்பார்கள், எக்ஸ்எம்பியை ஓன் செய்யாமல் விட்டுவிடுவார்கள். அது 2400இலோ 2666இலோ ஓடிக்கொண்டிருக்கும். இன்னும் சிலர் 16 ஜிபியை ஒரே குச்சியாகப் போடுவார்கள். ரைசனுக்கு இரண்டு 8 ஜிபி குச்சிகள் இரு சேனலில் ஓட வேண்டும். 3600 வேக ரேம் என்றால் சிப்பின் பகுதிகளை இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபப்ரிக்கும் 1800இல் (ரேமின் உண்மையான துடிப்பும் அதுதான், அதன் இரட்டிப்பைத்தான் 3600 என்கிறார்கள்) அதோடு சமமாக ஓடும், இந்தச் சிப்புக்கு அதுதான் மிகப் பொருத்தமான இடம். ஒற்றைக் குச்சியில் இருப்பவர் கேர்வைத் தொடுவதற்கு முன் இதைச் செய்யட்டும். கேம்களில் ப்ரொசெசர் ஓவர்க்ளொக்கை விட இதில் கிடைப்பது அதிகம். என் அண்ணன் மகன் அந்த ஏ520இலேயே இரண்டாவது குச்சியைப் போட்டு, எக்ஸ்எம்பியை ஓன் செய்ததும் வலோரன்ட் கேமில் வித்தியாசம் அவனுக்கே தெரிந்தது. முகத்தைப் பார்க்க வேண்டுமே!

குறைகள் இல்லாமல் இல்லை. 5600க்குள் கிராபிக்ஸ் கிடையாது, விஜிஏ கார்ட் இல்லாவிட்டால் திரையில் எதுவும் வராது. கார்டுக்குக் காசு இல்லை என்பவர் 5600ஜி வாங்கலாம். 2021இல் வந்தது, உள்ளே வேகா 7 கிராபிக்ஸ் உண்டு, கேர்வ் ஒப்டிமைசரும் உண்டு. ஆனால் கேஷ் 16 எம்பிதான். பிறகு, ஏஎம்4 பழைய சொக்கெட். நாளைக்குப் பெரிய ப்ரொசெசருக்கு மாற விரும்பினால் 8 கோர் 5700எக்ஸ், 16 கோர் 5950எக்ஸ் என்று இதே போர்டில் இடம் இருக்கிறது, அதோடு சரி. ஏஎம்5க்குப் போனால் எதிர்காலம் உண்டு, ஆனால் போர்டும் டிடிஆர்5 ரேமும் புதிதாக வாங்க வேண்டும். வேலையில் வரும் வருமானம் அதைத் தாங்கும் என்றால் போங்கள், நான் தடுக்கவில்லை. ஏற்கெனவே வீட்டில் பி450 போர்டும் டிடிஆர்4 ரேமும் இருப்பவருக்கு 5600ஐ விட லாபமான மாற்றம் கிடையாது. பயோஸ் பழையதாக இருந்தால் புதிய சிப்பைப் போட்டதும் மெஷின் எழும்பாது. பழைய ப்ரொசெசர் இருக்கும்போதே பயோசை அப்டேட் செய்துவிட்டு மாற்றுங்கள். அப்டேட் ஓடும்போது கரண்ட் போனால் போர்டே போய்விடக் கூடும், யுபிஎஸ் இல்லாமல் அதில் கை வைக்க வேண்டாம்.

உத்தரவாதமும் ஒரு விஷயம். ஓவர்க்ளொக்கால் வரும் சேதத்துக்கு உத்தரவாதம் இல்லை என்று ஏஎம்டி எழுத்திலேயே சொல்கிறது, பிபிஓவும் அதற்குள் அடக்கம். வோல்ட்டைக் கூட்டாமல் குறைத்தே ஓட்டுகிறோம் என்பதால் எனக்கு அதில் பெரிய பயமில்லை. ஆனாலும் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

கடைசியாக, எல்லாம் சரிவந்த அன்று பயோஸ் திரையின் ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். பயோஸ் அப்டேட் செய்தாலும், போர்டில் இருக்கும் அந்த வட்ட பற்றரி இறங்கினாலும் கேர்வ் எண்கள் எல்லாம் அழிந்து பழையபடி ஆகிவிடும். படங்கள் இருந்தால் ஒரு பிளேன்டீ ஆற முதல் திரும்பப் போட்டுவிடலாம்.